மத்தியான மடிப்பு

கீழே வண்டியில் பெட்டி ஏறிவிட்டது. சுருட்டிக் கட்டிய மெத்தையும் கால் மடக்குகிற மேசையும் ஏறிவிட்டன. ஏற வேண்டிய ஆள் மட்டும் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏறும்மா," என்றான் அண்ணன். "வண்டிக்காரருக்கு வேற வேலை இருக்காம்."

"நான் போகலை."

"என்னது?"

"அண்ணி இருக்கச் சொல்லிட்டாங்க."

அண்ணி அந்த நேரம் பார்த்துத்தான் தெருமுனை திரும்பினாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இரவு வேலை முடித்து, கையில் சாப்பாட்டுப் பையும் கண் நிறையத் தூக்கமுமாக வந்துகொண்டிருந்தவள், வண்டியைப் பார்த்ததும் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டாள். அப்பாடா என்று இருந்தது. இன்றைக்குக் கதவு அறையாது, மத்தியானம் முழுக்கத் தூங்கலாம். அந்த நினைப்பு முடிவதற்குள் மூன்று பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டாள்: கணவன், நாத்தனார், வண்டிக்காரர்.

"நீ இவளை இருக்கச் சொன்னியா?" என்று கேட்டான் கணவன்.

"நானா?"

அவளும் நாத்தனாரும் பேச்சை நிறுத்திய பிறகு ஒரு மழைக்காலமே வந்து போயிருந்தது. இருவருக்கும் நடுவில் எந்தச் சேதி போனாலும் அவன் வழியாகத்தான் போகும். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வது அவனுக்குத் தொழிலிலேயே பழகியிருந்தது.

"எப்பச் சொன்னேன்னு கேளுங்க."

"நேத்து மத்தியானம்னு சொல்லு அண்ணா."

"நேத்து மத்தியானம் நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"தூங்கிக்கிட்டுத்தான் சொன்னாங்க."

வண்டிக்காரர் கதவில் சாய்ந்து இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "பெட்டியை இறக்கணுமா, கொண்டு போகணுமா? அதை மட்டும் முழிச்சிருக்கிற ஆள் யாராவது சொல்லுங்க," என்றார்.

முழித்திருக்கிற ஆள் என்ற முறையில் அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். கொண்டு போங்க என்று வாய் வரை வந்தது. ஆனால் இரவெல்லாம் நின்ற கால் கெஞ்சிற்று. தெருவில் நின்று வழக்காடத் தெம்பில்லை. எனக்குத் தெரியாது, நான் போய்ப் படுக்கணும் என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். அவளுக்குப் பின்னால் பெட்டி இறங்குகிற சத்தம் கேட்டது. நாத்தனாருக்கென்று பார்த்து வைத்திருந்த அறையின் சொந்தக்காரரிடம் நாளை மறுநாள் வரை தவணை கேட்டுக்கொண்டு, அதற்குள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரும்படி பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கணவன் வேலைக்குக் கிளம்பினான்.

சண்டைக்குக் காரணம் கதவு. நாத்தனாரின் புருஷன் வேறு ஊரில் வேறு குடித்தனம் தேடிக்கொண்ட பிறகு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வந்த மாதமே பள்ளிக்கூட வேனில் ஆயா வேலை கிடைத்தது. காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினால், சாயங்காலம் கூட்டி வரப் போகிற வரை வீட்டில்தான் இருப்பாள்; நடுவில் ஒரு தடவை குட்டிப் பிள்ளைகளை மட்டும் கொண்டுவந்து விடப் போய் வருவாள். அந்த வேனின் கதவு ஓங்கி அறைந்தால்தான் பூட்டும். அந்தக் கையை அவள் வீட்டுக்குள்ளும் கூட்டி வந்துவிட்டாள். வாசல் கதவு, குளியலறைக் கதவு, அலமாரிக் கதவு எல்லாம் ஒரே அறை. இது வீடு, வேன் இல்லை என்று அண்ணி ஒரு நாள் படுத்த இடத்திலிருந்தே சத்தம் போட்டாள். வேனில் வருகிற பிள்ளைகள் இதைவிட மரியாதையாகப் பேசும் என்று பதில் வந்தது. அத்தோடு சரி. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒன்று உங்க தங்கச்சி, இல்லை என் தூக்கம் என்று கணவனிடம் கறாராகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அறை தேடிக் கிடைத்தது.

படுத்தாள். தூக்கம் வந்து கண்ணிமையில் உட்கார்ந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

தூக்கத்தில் சொன்னேனா? காதில் பூ சுற்றுகிறாள். போக மனமில்லை, அதற்கு ஒரு சாக்கு. அப்படித்தான் முதலில் நினைத்தாள். பிறகு நாத்தனார் பொய் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லையே என்றும் தோன்றியது. குழம்பில் உப்பு கூடினால் கூடியது என்று சொல்லி ஊர்ச் சண்டையை வாங்குகிற வாய் அது.

பகலில் தூங்குகிறவர்களின் கனவு வேறு ரகம். இரவுத் தூக்கத்துக்கு உலகமே காவல் இருக்கிறது. பகல் தூக்கத்துக்குள் யார் வேண்டுமானாலும் புகுந்துவிடலாம். குக்கர் சீட்டி அடித்தால் அவள் கனவில் சலவைக்கூடத்துக் கொதிகலன் திறக்கும். பக்கத்து வீட்டில் துணி துவைத்தால் ஈரத் துணி மூட்டைகள் தள்ளுவண்டியில் வரிசையாக வரும். வாசலில் யாராவது பேரம் பேசினால் மேற்பார்வையாளர் வந்துவிட்டார் என்று உறக்கத்திலேயே நிமிர்வாள். சம்பளம் வாங்குவது இரவு வேலைக்கு மட்டும். கனவில் பகல் வேலையும் பார்த்தாள். இதை ஒரு தடவை கணவனிடம் சொன்னபோது, நான் கனவில் லிஃப்டில் ஏறினால் அது போகாது, படியில்தான் போவேன் என்று அவன் சொன்னான்.

சின்ன வயதில் அவள் தூக்கத்தில் நடப்பாள். அம்மா ஒரு பழைய துணியால் அவள் காலைக் கட்டிலோடு முடிந்து வைப்பாள். வயது வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். நடப்பது நின்றுபோவதும், நடப்பதைப் பார்க்க ஆள் இல்லாமல் போவதும் வெளியே பார்க்க ஒன்றுதான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் தூங்குகிற நேரத்தில் வீட்டில் யாரும் இருந்ததில்லை, நாத்தனார் வரும் வரை.

எழுந்து உட்கார்ந்தாள். நாற்காலியில் விரிப்புகள் மடித்து அடுக்கியிருந்தன. நேற்றுக் காலை மாடிக் கொடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் குவித்துப் போட்டவை. யார் மடித்தது? கணவன் மடித்திருப்பான் என்று வழக்கம்போல் நினைத்திருந்தாள். மேல் விரிப்பைக் கையில் எடுத்தாள். ஒரு மூலை மட்டும் மேலே மடங்கி நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி விரிப்பில் அந்த மூலையில்தான் வார்டு முத்திரை இருக்கும். அடுக்கில் வைத்ததும் தெரிவதற்காக அதை இப்படி மடித்துவிடுவார்கள். வீட்டு விரிப்பில் முத்திரையும் இல்லை, அதைப் பார்க்கிற ஆளும் இல்லை.

சாயங்காலம் கணவன் வந்ததும், விரிப்புகளை அவன் மடிப்பது உண்டா என்று கேட்டாள். அவன் விழித்தான். இத்தனை வருஷமாக நீதான் மடிக்கிறாய் என்று நினைத்திருந்தேன் என்றான். மூலையை அப்படித் திருப்பி வைப்பது ஏதோ நாகரிகம் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டானாம்.

"அப்ப எலி மடிச்சுதா?" என்றாள் அவள்.

எலி அந்த வீட்டில் பழைய கதை. முன்பெல்லாம் விரிப்புகளின் மூலையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். முதலில் கொடிக் கம்பியின் துரு என்று அவள் சந்தேகப்பட்டாள். கணவன் கம்பியைக் கழற்றிவிட்டு நைலான் கயிறு கட்டினான். ஓட்டை நிற்கவில்லை. அப்படியானால் எலிதான் என்று பொறி வாங்கி வைத்தான். பொறியில் அவன் விரல்தான் விழுந்தது. பிறகு தங்கை வந்தாள், ஓட்டை நின்றது. அவள் கதவைச் சாத்துகிற சத்தத்தில் எலி குடும்பத்தோடு ஊரைவிட்டே ஓடிவிட்டது என்பது அவன் கட்சி.

அன்று அவள் வேலைக்குப் போகும்போது நாத்தனார் பெட்டியின் மேல் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி பிரிக்கப்படாமல் கூடத்தில் இருந்தது. ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

சலவைப் பிரிவில் அவளுக்கு ஒரு ஜோடி உண்டு. அந்த ஜோடியை எல்லோரும் நெட்டை என்பார்கள், இவளைக் குட்டை என்பார்கள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. ஒரு உதறு, நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி உதறு, இன்னொரு மடிப்பு. பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். மற்ற ஜோடிகளில் யார் வேண்டுமானாலும் முனைகளை வாங்கிக்கொள்வார்கள். இவர்களால் அது முடியாது. குட்டை வாங்கினால் விரிப்பின் நடுப்பகுதி தரையில் புரளும். புரண்டால் மறுபடி துவைக்கப் போட வேண்டும். அதனால் கிட்டே வரும்போது குட்டை இடது கையால் இரண்டு சுண்டு சுண்டுவாள். உடனே நெட்டை முனைகளை வாங்கிக் கையைத் தலைக்கு மேலே தூக்குவாள். குட்டை குனிந்து தொங்குகிற மடிப்பைப் பிடித்து மேலே கொண்டுவருவாள். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. உயரம் சொல்லிக் கொடுத்தது.

இன்னொன்றும் உண்டு. இஸ்திரி உருளைகளின் இரைச்சலில் தள்ளி நின்று பேச முடியாது. விரிப்போடு கிட்டே வரும்போதுதான் பேசலாம், அதுவும் ஒரு வாக்கியம். பதில் அடுத்த விரிப்பில் வரும். வருஷக்கணக்காக அவர்கள் இப்படித்தான் பேசி வந்தார்கள். குடும்பக் கதையெல்லாம் விரிப்பு விரிப்பாகப் போய்ச் சேர்ந்தது. நெட்டையின் மகள் பிரசவத்தைச் சொல்லி முடிக்க ஒரு வார்டின் துணி பூராவும் ஆனது.

விடிந்து வேலை முடிந்து தேநீர்க் குவளையோடு வாசலில் நின்றபோது, இரைச்சல் இல்லாத இடத்தில், அவள் நெட்டையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நெட்டை சிரித்ததில் தேநீர் தளும்பியது.

"தூக்கத்துலயும் மடிக்கிறியா? ஓவர்டைம் கேளுடி."

"சிரிக்காதே. அவ பொய் சொல்றாளா, நிஜம் சொல்றாளா, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நெட்டை குவளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நீதானே சொன்னே, கனவுல நான் வர்றேன், வர வரக் குள்ளமாப் போறேன்னு?"

சொன்னதுதான். சில மாதங்களாகவே அந்தக் கனவு. எதிரே விரிப்பைப் பிடித்து நிற்பது நெட்டைதான், முகத்தை உற்றுப் பார்க்கத் தோன்றியதில்லை, ஆனால் ஆள் தன்னைவிடக் குள்ளம். கனவில் அதைப் பார்த்துச் சிரிப்பு வரும். சலவையில் போட்டு எடுத்ததில் சுருங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாள். விழித்ததும் அதை வேலையிடத்தில் சொல்லி எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"உன் நாத்தனார் என்ன உயரம்?" என்று கேட்டாள் நெட்டை.

அவள் தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"அப்ப ரெண்டு சுண்டு சுண்டிப் பாரு," என்றாள் நெட்டை. "நம்ம சுண்டு வெளியாளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவ உன்னோட மடிச்சிருக்கா."

வீட்டுக்கு வந்து அவள் படுக்கவில்லை. விரிப்புகளையெல்லாம் அலசி மாடிக் கொடியில் போட்டுவிட்டு, காயும் வரை தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள். கண் எரிந்தது. கீழே வாசல் கதவு அறைந்தது. நாத்தனார் காலை வேனிலிருந்து திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தன் துணிகளை எடுக்க மாடிக்கு வந்தாள்.

அண்ணி எழுந்து ஒரு விரிப்பைக் கொடியிலிருந்து உருவினாள். இரண்டு முனையை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் முன்னால் விட்டாள். விட்டுவிட்டுக் காத்து நின்றாள்.

நாத்தனார் அவள் கண்ணை உற்றுப் பார்த்தாள். முழித்திருக்கிறாளா, தூங்குகிறாளா என்று பார்க்கிறாள் என்பது அவளுக்குப் புரிந்தது. அப்படிப் பார்ப்பதற்கே ஒரு பழக்கம் வேண்டும். பிறகு நாத்தனார் தன் துணிகளைக் கீழே வைத்துவிட்டு முனைகளை எடுத்தாள்.

உதறினார்கள். மடித்தார்கள். மறுபடி உதறினார்கள். எதிரெதிரே நடந்து வந்தார்கள். கிட்டே வந்ததும் அவள் இடது கையால் இரண்டு சுண்டு சுண்டினாள்.

நாத்தனார் முனைகளை வாங்கிக் கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். போதவில்லை. குதிகாலைத் தூக்கி, கட்டைவிரலில் நின்று, மோவாயை நிமிர்த்தி, பரணில் எதையோ எட்டுகிறவள் மாதிரி எம்பினாள். அப்படியும் விரிப்பு தரையில் புரண்டது. இவ்வளவு குள்ளமான ஒருத்தி இந்த வேலையை இப்படிச் செய்ய எந்த நியாயமும் இல்லை. நெட்டைக்காக உண்டான அசைவு அது. நெட்டையின் இடத்தில் பல நாள் நின்றவள்தான் அதைச் செய்ய முடியும்.

அவள் குனிந்து மடிப்பைப் பிடித்தாள். சிரிப்பு வந்தது. சலவையில் சுருங்கிய நெட்டை.

இரண்டாவது விரிப்பை உருவினாள். கிட்டே வந்ததும் கேட்டாள்.

"எவ்வளவு நாளா?"

நாத்தனார் பதில் சொல்லாமல் எம்பி நின்றாள். அடுத்த விரிப்பில்தான் சொன்னாள். அந்த ஒழுங்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வந்த புதுசுலேர்ந்தே. நடையில ரெண்டு முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. யாராவது வாங்கணும்னு நிக்கிற மாதிரி இருந்துச்சு. வாங்கினேன்."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"முதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம், எழுப்பினா பேச மாட்டீங்களேன்னு விட்டுட்டேன்."

அவள் அந்த விரிப்பை அடுக்கில் வைக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். கொடியில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து முனையைக் கொடுத்தாள்.

"என்ன பேசினேன்?"

வீட்டில் விரிப்புகளே அவ்வளவுதான். நாத்தனார் அடுக்கிலிருந்து மேலே இருந்ததை எடுத்து உதறிப் பிரித்து, இரண்டு முனையை அவள் கையில் கொடுத்தாள். இதையும் முன்பே செய்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"என்னைப் பத்தித்தான். நெட்டைன்னு கூப்பிட்டு என்கிட்டேயே என்னைப் பத்திச் சொல்வீங்க. வீட்ல ஒருத்தி வந்திருக்கா, கதவைச் சாத்தினா தெருவே எழுந்து உக்காருது. சீப்புல முடியை எடுக்க மாட்டா. குளிச்சா வாளியைக் கவுக்க மாட்டா."

முகம் மாறாமல் சொன்னாள். வேனில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிற புகாரை வீட்டாரிடம் ஒப்பிக்கிற குரல். கேட்டவளுக்குத்தான் காது சூடாயிற்று. நேரில் சொல்ல வாயில்லாமல் வேலையிடத்தில் கொட்டித் தீர்த்தவை எல்லாம் சரியாக விலாசம் தேடி வந்து சேர்ந்திருந்தன.

"நீ என்ன சொன்னே?"

"உம் கொட்டினேன். நெட்டையா இருந்தா உம்தானே கொட்டுவாங்க." மறுபடி ஒரு விரிப்பு பிரிந்து மடிந்தது. "வாளியை அன்னிலேர்ந்து கவுத்துத்தான் வைக்கிறேன்."

உண்மைதான். வாளி கவிழ்ந்துதான் இருக்கிறது, நெடுநாளாக. சீப்பும் சுத்தம். நாத்தனார் தானாகவே திருந்திவிட்டாள் என்று நினைத்திருந்தாள். அதற்கு மேல் யோசித்ததில்லை.

"கதவை மட்டும் ஏன் விடலை?"

நாத்தனார் அடுத்த விரிப்பைப் பிரித்து உதறினாள். காற்றில் கொடி ஆடியது. கிட்டே வரும்போது குரல் இறங்கியிருந்தது.

"விட்டேனே. ஒரு வாரம் மெதுவாச் சாத்திப் பார்த்தேன். அப்ப நெட்டைகிட்டே என்ன சொன்னீங்க தெரியுமா? இப்பல்லாம் கதவுச் சத்தமே கேக்கலை, அவ வந்தாளா வரலையான்னு தெரியலை, பொட்டுத் தூக்கம் இல்லைன்னீங்க."

அவள் முனையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். வரிசை குலைந்தது.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நெட்டையிடம்கூட. சொல்ல வேண்டிய விஷயமாக அதை அவளே தெரிந்துவைத்திருக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூட விடுமுறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த மத்தியானங்கள் நினைவுக்கு வந்தன. வீடு அமைதியாகத்தான் இருந்தது. நாத்தனார் சத்தமில்லாமல் எங்கேயோ உட்கார்ந்திருந்தாள். எதற்கோ காத்திருப்பது மாதிரி உடம்பு விறைத்துக் கிடந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று கதவு டமார் என்றது, எரிச்சலாக ஒரு வசவு வாய்க்குள் வந்தது, வசவு முடிவதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் அண்ணன் அறை பார்த்தாரு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. மூணு நாளைக்கு முன்னாடி நீங்க எழுந்து வந்தப்ப, நெட்டை மாதிரியே கேட்டேன். அவ போகட்டுமா, இருக்கட்டுமான்னு." நாத்தனார் விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நீங்க பதில் சொல்லாம மடிச்சு வச்சுட்டுப் படுக்கப் போயிட்டீங்க. அதான் முந்தாநாள் இருக்கிறது எல்லாத்தையும் பிரிச்சு வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். கடைசி பெட்ஷீட்லதான் சொன்னீங்க, இருந்துட்டுப் போறான்னு."

"அது நெட்டைகிட்டே சொன்னது."

"தெரியும் அண்ணி. என்கிட்டே சொல்லலைன்னு தெரியும். அதனாலதான் வண்டி வர்ற வரைக்கும் வாயைத் திறக்கலை."

சுண்டு பொய் சொல்லவில்லை. வாளி பொய் சொல்லவில்லை. கடைசி வார்த்தைக்கு மட்டும் சாட்சி கிடையாது. சொன்னவள் தூக்கத்தில் இருந்தாள், கேட்டவளுக்கு இடம் வேண்டியிருந்தது. இருந்துட்டுப் போறா. அந்த வார்த்தையை அவள் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், வேறு யாருடைய செருப்பையோ காலில் மாட்டிப் பார்ப்பது போல. அளவு சரியாகத்தான் இருந்தது. சொன்னோமா இல்லையா என்பது கடைசி வரை தெரியாது. இப்போது சொல்ல முடியுமா என்பதுதான் பாக்கி.

அவள் அடுக்கைக் கலைத்து ஒரு விரிப்பை எடுத்தாள். முனையைக் கொடுத்தாள். உதறி, மடித்து, மறுபடி உதறி, நடந்து வந்தார்கள். நாத்தனார் வழக்கம்போல முனைகளை வாங்க எம்பினாள்.

"வேணாம்," என்றாள் அவள். "நீ குள்ளம். தரையில புரளுது. என்கிட்டே கொடு, நான் தூக்கறேன்."

வாங்கித் தலைக்கு மேலே தூக்கினாள். வருஷக்கணக்காகக் குனிந்தே பழகிய முதுகு, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு கணம் திணறியது. நாத்தனார் குனிந்து, தொங்கிய மடிப்பைத் தேடிப் பிடித்தாள். அவளுக்கும் அது புதிது. மடிப்பு கோணலாக வந்தது. பிரித்து மறுபடி செய்தார்கள்.

"அப்ப பெட்டியைப் பிரிச்சிடட்டுமா?" என்று கேட்டாள் நாத்தனார், குனிந்தபடியே.

"பிரிச்சிடு."

முழித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு கொட்டாவி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு வந்தது. கீழே போய்ப் படுத்தாள்.

மறுநாள் கணவன் வேலைக்குப் போகிற வழியில் அறையின் சொந்தக்காரரைப் பார்த்து, அறை வேண்டாம் என்று சொன்னான். அவர் முணுமுணுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். நாத்தனார் வேனில் போனாள். போகும்போது கதவு அறைந்தது. அண்ணி இரவு வேலையிலிருந்து வந்து குளித்து, இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தாள். நெட்டையிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். சுண்டு பலித்ததா என்று மட்டும் கேட்டு, பலித்தது என்றதும் நெட்டை தலையை ஆட்டியிருந்தாள். அன்று வேன் வழியில் நின்றுபோனதால் நாத்தனார் மத்தியானம் வீட்டுக்கு வரவில்லை.

சாயங்காலம் எழுந்தபோது கனவு எதுவும் நினைவில் இல்லை. முகம் கழுவ நடை வழியாகப் போனாள். நடையின் ஜன்னலில் இரண்டு கொக்கிகள் உண்டு. ஒரு விரிப்பின் இரண்டு முனைகள் அந்தக் கொக்கிகளில் மாட்டியிருந்தன. பாதி மடித்தபடி அது தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி மூலையைப் பார்த்தாள். கொக்கி குத்திய இடத்தில் பொட்டாக ஓர் ஓட்டை விழுந்திருந்தது. தைக்க வேண்டிய துணிகளோடு அதை வைத்தாள்.

கணவன் வந்ததும் ஓட்டையைப் பார்த்தான். எலி திரும்பி வந்துவிட்டது, பொறியைப் பரணிலிருந்து எடுக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். நாத்தனார் வர நேரமாயிற்று. வந்து கதவைச் சாத்தியதும் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அவள் வேலைக்குக் கிளம்பினாள்.